ஊர்மதிலும் தலைவன் கோட்டையும்: எலா ஆர்மிடேஜின் (1841–1931) வாழ்வும் ஆய்வும்

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் பழைய நகரங்கள் பலவற்றில் உச்சி தட்டையான மண்மேடுகள் இன்றும் காணப்படுகின்றன. அவை ஆங்கிலோ-சாக்சன் அரசர்கள் தம் குடிகளைக் காக்க எழுப்பிய அரண்கள் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை பெரும்பான்மை ஆய்வாளர்களின் முடிவாக இருந்தது. 1066இல் நாட்டைக் கைப்பற்றிய நார்மானியத் தலைவர்களே அவற்றை எழுப்பினர் என்று நிறுவியவர்களுள் முதன்மையானவர் எலா ஆர்மிடேஜ். ஒரு சொல்லின் பொருளை வரலாற்று முறையில் வரையறுத்து, அதனை ஆவணத்தோடும் நிலத்தோடும் ஒப்பிட்டு அவர் இம்முடிவை அடைந்தார். அவரது வாழ்வையும் ஆய்வு நெறியையும், பிற்கால அகழாய்வுகள் அம்முடிவை உறுதிப்படுத்திய இடங்களையும் திருத்திய இடங்களையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நிலத்தோற்றத் தொல்லியல், புர்ஹ், மண்மேடு, நார்மானியர், டூம்ஸ்டே ஏடு, குடியிருப்பு வரலாறு.

முன்னுரை

ஓர் ஊரில் அரண் ஒன்று இருந்ததாகப் பழைய நூல் கூறுகிறது. அவ்வூருக்குச் சென்றால் அரண் போன்ற கட்டுமானம் ஒன்று கண்ணுக்குப் படுகிறது. நூல் குறிப்பிடும் அரண் அதுவே என்று முடிவு செய்வது இயல்பு. ஆயினும் நூலின் காலத்திற்கும் நாம் காணும் கட்டுமானத்தின் காலத்திற்கும் இடையே பல தலைமுறைகள் கழிந்திருக்கலாம். நூலாசிரியர் ஆண்ட சொல் அவர் காலத்தில் வேறொன்றைக் குறித்திருக்கலாம். இலக்கியச் சான்றையும் தொல்லியல் சான்றையும் இணைக்க முற்படும் ஆய்வாளர் அனைவரும் எதிர்கொள்ளும் இடர் இது.

இவ்விடரை இங்கிலாந்தின் இடைக்காலக் கோட்டை ஆய்வு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எதிர்கொண்டது. அதனைத் தீர்த்தவர்களுள் ஒருவரான ஆர்மிடேஜ் பல்கலைக்கழகப் பேராசிரியரோ அகழாய்வாளரோ அல்லர். பள்ளிக் கல்வி, சமயப் பணி, குடும்பம் ஆகியவற்றினிடையே வரலாறு கற்றுக் கற்பித்த பெண்மணி. தம் முதன்மை நூலை வெளியிட்டபோது அவருக்கு அகவை 71.

பிறப்பும் கல்வியும்

எலா சோஃபியா புல்லி 1841இல் லிவர்பூல் நகரில் பிறந்தார். தந்தை சாமுவேல் மார்ஷல் புல்லி பருத்தி வணிகர். தாய் மேரி ரேச்சல், லிவர்பூலில் புகழ்பெற்ற சமய உரையாளராக விளங்கிய தாமஸ் ராஃபிள்ஸின் மகள். சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸுக்குத் தாமஸ் உறவினர். அரசு சார்ந்த திருச்சபையினின்று விலகி நின்ற கூட்டுச்சபை மரபைச் சார்ந்தது இக்குடும்பம். சபையின் அதிகாரம் தலைவரிடம் அன்றி உறுப்பினர் அனைவரிடமும் உள்ளது என்பது அம்மரபின் கொள்கை. சமூகம் தானே கூடி அமைத்த அரணையும் தலைவன் தனக்கென அமைத்த அரணையும் வேறுபடுத்திய அவரது பிற்கால ஆய்வை வாசிக்கும்போது, இப்பின்னணி நினைவில் கொள்ளத்தக்கது.

1871ஆம் ஆண்டு அக்டோபரில் கேம்பிரிட்ஜில் பெண்களுக்கான கல்வி இல்லம் ஒன்று ஆன் கிளஃப் என்பவரின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்த முதல் ஐவருள் எலாவும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 30. அவ்வில்லமே பின்னர் நியூனம் கல்லூரியாக வளர்ந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல்தான் என்பதால், எலாவின் கல்வி பட்டமின்றியே நிறைவுற்றது.

1874இல் சமயப் பணியாளர் எல்கானா ஆர்மிடேஜை மணந்தார். 1877 முதல் 1884 வரை மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் வரலாறு கற்பித்தார். 1877இல் ஆங்கில மக்களின் தொடக்க வரலாற்றைப் பொதுவாசகருக்கு எடுத்துரைக்கும் நூலையும், 1881இல் சமயப் பாடல்கள் அடங்கிய நூலையும் வெளியிட்டார். கணவரின் பணி காரணமாக யார்க்ஷயரின் ராதர்ஹாம் நகரில் வாழ்ந்தபோது, 1887இல் அந்நகரப் பள்ளி வாரியத்தின் முதல் பெண் உறுப்பினரானார். 1894இல் இடைநிலைக் கல்வி குறித்த அரசு ஆணையத்தில் துணை ஆணையராகப் பணியாற்றி, டெவன் பகுதியில் பெண் கல்வியின் நிலையை ஆராய்ந்தார்.

ராதர்ஹாமைச் சூழ்ந்த பகுதி கோட்டைச் சுவடுகள் மிக்கது. கோனிஸ்பரோவில் கல்கோட்டையும், டிக்ஹில், லாட்டன் ஆகிய ஊர்களில் மண்மேடுகளும் உள்ளன. 1897இல் ஷெஃபீல்டு, ராதர்ஹாம் வட்டாரங்களைச் சிறப்பாகக் கருத்தில் கொண்டு தொல்பொருள்களுக்கான கையேடு ஒன்றை ஆர்மிடேஜ் வெளியிட்டார். தம் ஊரைச் சுற்றியுள்ள நிலத்தை மக்கள் வாசிக்கக் கற்க வேண்டும் என்பதே அக்கையேட்டின் நோக்கம். அவரது பேராய்வின் வேர் இவ்வட்டாரக் கள அறிவில் உள்ளது.

கிளார்க்கின் கருத்து

ஆர்மிடேஜ் மறுத்த கருத்தின் வலிமையை முதலில் அறிதல் வேண்டும். இங்கு மண்மேடு எனப்படுவது, சுற்றிலும் அகழி வெட்டி, அம்மண்ணைக் குவித்து உயர்த்தி, உச்சியைத் தட்டையாக்கி, மரக் கோபுரம் எழுப்பிய செயற்கைக் குன்று. பிரெஞ்சு மொழியில் இது மோட் எனப்படும். அதன் அடியில் கரையும் அகழியும் சூழ்ந்த முற்றம் இருக்கும். அது பெய்லி எனப்படும். பெரும்பாலான மேடுகள் 10 மீட்டருக்குக் குறைந்த உயரம் உடையவை.

இவற்றை முறையாக அளந்து விளக்கியவர் ஜார்ஜ் தாமஸ் கிளார்க் (1809–1898). பொறியாளரான அவர், இளமையில் புருனெலின் கீழ் இருப்புப்பாதைப் பணியில் ஈடுபட்டவர்; 1840களில் பம்பாய்ப் பகுதியில் இருப்புப்பாதை அமைப்பதற்கான அளவைப் பணியையும் மேற்கொண்டவர்; பின்னர் வேல்ஸின் டவ்லைஸ் இரும்பாலையை நிருவகித்தவர். 1884இல் இரு தொகுதிகளாக வெளிவந்த அவரது இடைக்காலப் படைக்கட்டடக் கலை நூல் அத்துறையின் முதல் பெருநூலாக மதிக்கப்பட்டது.

கிளார்க்கின் வாதம் எளிமையானது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேனியரை எதிர்த்துப் போரிட்ட மூத்த எட்வர்டும், அவர் தமக்கையும் மெர்சியாவின் தலைவியுமாகிய எத்தல்ஃபிளெடும் பல ஊர்களில் புர்ஹ் அமைத்தனர் என்று ஆங்கிலோ-சாக்சன் ஆண்டேடு கூறுகிறது. அவ்வூர்களுள் டாம்வொர்த், வாரிக் போன்ற பலவற்றில் மண்மேடுகள் உள்ளன. எனவே புர்ஹ் என்பது மண்மேடே என்றார் கிளார்க். நார்மானியர் என்றவுடன் இலண்டன் வெண்கோபுரம் போன்ற கல்கோபுரங்களே நினைவுக்கு வந்ததால், மண்ணால் ஆனவை அவர்களுக்கு முற்பட்டவை என்ற எண்ணமும் இதற்குத் துணை செய்தது. அளவைத் திறன் மிக்க ஒருவர் கூறியதால் இக்கருத்து வரலாற்று நூல்களிலும் ஊர்க் கையேடுகளிலும் பரவியது.

ஐயம் எழாமல் இல்லை. 1894இல் ஜான் ஹொரேஸ் ரவுண்ட் கிளார்க்கின் கருத்தைக் கடுமையாக விமர்சித்தார். 1898இல் ஜார்ஜ் நீல்சன், ஸ்காட்லாந்தின் மண்மேடுகள் நார்மானியக் குடியேற்றத்தோடு தொடர்புடையவை என்று காட்டினார். இவ்விருவரின் எழுத்துகளை அடுத்து, இங்கிலாந்தின் சான்றுகள் முழுவதையும் ஒழுங்குபடுத்தி ஆராயும் பணியை ஆர்மிடேஜ் ஏற்றார்.

1900ஆம் ஆண்டுக் கட்டுரை: சொற்பொருள் ஆய்வு

ஸ்காட்லாந்துத் தொல்பொருள் கழகத்தின் ஆய்விதழில் 1900இல் வெளியான ஆர்மிடேஜின் கட்டுரை, ஆங்கிலோ-சாக்சன் புர்ஹ்களையும் தொடக்ககால நார்மானியக் கோட்டைகளையும் ஒப்பிட்டது. அதன் முதற்படி சொல்லாராய்ச்சி.

புர்ஹ் என்னும் பழைய ஆங்கிலச் சொல் சுற்றி வளைக்கப்பட்ட இடத்தையும், அதனைச் சூழ்ந்த மதிலையும் குறித்தது. பின்னர் மதில் சூழ்ந்த ஊரைக் குறித்தது. இன்று நகரைக் குறிக்கும் பரோ என்னும் சொல் அதன் வழிவந்ததே. ஆண்டேடு ஓர் அரசன் புர்ஹ் அமைத்ததாகக் கூறும் இடங்களில், ஊரையும் அதன் மக்களையும் உள்ளடக்கிய பொது அரணே பேசப்படுகிறது. ஆற்றின் இரு கரைகளிலும் இரண்டு புர்ஹ் அமைத்த செய்திகளும் உண்டு. பெட்ஃபோர்டு, பக்கிங்ஹாம் ஆகியவை சான்றுகள்.

தலைவன் ஒருவன் தன் குடும்பத்துக்கும் வீரருக்கும் மட்டும் உரியதாக அமைத்துக்கொண்ட கோட்டையை ஆண்டேடு வேறு சொல்லால் சுட்டுகிறது. 1051ஆம் ஆண்டு நிகழ்வுகளைக் கூறுமிடத்தில், எட்வர்டு கன்ஃபெசர் அரசனின் அயல்நாட்டு ஆதரவாளர்கள் ஹெரிஃபோர்டுஷயரில் கோட்டை கட்டி மக்களைத் துன்புறுத்தியதாக முறையிடும் எழுத்தர், காஸ்டெல் என்னும் பிரெஞ்சு வழிச்சொல்லை ஆள்கிறார். தம் மொழியில் அரணைக் குறிக்கும் சொல் இருந்தும் அவர் அயற்சொல்லை நாடியது, கண்முன் எழுந்த பொருளும் புதிது என்பதைக் காட்டுகிறது. ஒரு மொழி புதிய சொல்லைக் கடன்பெறும் தருணத்தை வரலாற்றுச் சான்றாகக் கொண்ட இப்பகுதி, ஆர்மிடேஜின் ஆய்வில் மொழியியலாளர் கவனத்துக்கு உரியது.

இவ்வேறுபாட்டை மற்றோர் ஆவணமும் உறுதி செய்கிறது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த ஒரு பட்டியல், தென் இங்கிலாந்தின் ஏறத்தாழ 30 புர்ஹ்களையும் அவற்றுக்கு ஒதுக்கப்பட்ட நில அளவையும் தருகிறது. ஒவ்வொரு நில அலகுக்கும் ஒரு வீரன். மதிலின் ஒரு கோல் நீளத்துக்கு, அதாவது ஏறத்தாழ 5 மீட்டருக்கு, நான்கு வீரர் என்பது அதன் கணக்கு. வாலிங்ஃபோர்டுக்கு 2400 அலகுகள் குறிக்கப்பட்டுள்ளன. இக்கணக்கின்படி அதன் மதில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளம் உடையது. 2400 வீரர் காவல் புரியும் அரண் ஒரு மண்மேட்டில் அடங்காது. வாலிங்ஃபோர்டில் ஊரைச் சூழ்ந்த மண்கரை இன்றும் உள்ளது. அதன் வடகிழக்கு மூலையில், கரைக்கு உட்புறம், பிற்கால மண்மேடும் கோட்டையும் உள்ளன. இரண்டையும் ஒரே நிலப்படத்தில் காணும்போது எது புர்ஹ், எது கோட்டை என்பது தெளிவாகிறது.

களச்சான்று

ஆண்டேடு குறிப்பிடும் புர்ஹ் ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அங்கு மண்மேடு உள்ளதா, உள்ளதாயின் அவ்வூரில் நார்மானியக் கோட்டை இருந்ததற்கு ஆவணம் உண்டா என்று ஆராய்ந்தது அடுத்த படி. எடிஸ்பரி, மால்டன், விதம் போன்ற புர்ஹ் ஊர்களில் மண்மேடு இல்லை. மேடு உள்ள ஊர்களில் நார்மானியக் கோட்டைக்கான ஆவணமும் கிடைக்கிறது. மறுபுறம், எந்தப் புர்ஹும் குறிக்கப்படாத நூற்றுக்கணக்கான ஊர்களில் மேடுகள் உள்ளன. மேடும் புர்ஹும் ஒன்றெனின் இப்பரவலை விளக்க முடியாது.

வாரிக் நகரம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. எத்தல்ஃபிளெட் 914இல் அங்குப் புர்ஹ் அமைத்தார். இன்றைய வாரிக் கோட்டையில் உள்ள மண்மேடு எத்தல்ஃபிளெட் மேடு என்றே வழங்குகிறது. ஆனால் அவ்விடத்தில் 1068இல் கோட்டை எழுப்பியவர் வெற்றியாளர் வில்லியம். எத்தல்ஃபிளெட் இறந்து 150 ஆண்டுகளுக்குப் பின் எழுந்த மேடு அவர் பெயரைப் பெற்றுவிட்டது. ஊர்மக்களைக் காத்த தலைவியின் நினைவு, அம்மக்களை அடக்க வந்தவர் எழுப்பிய மேட்டின்மேல் ஏற்றப்பட்டது. டாம்வொர்த்தில் 913இல் அவர் அமைத்த புர்ஹ் ஊர் முழுவதையும் வளைத்தது. மண்மேடோ அவ்வளைவின் தென்மேற்கு மூலையில் ஒடுங்கி நிற்கிறது.

மேடுகளின் நாடளாவிய பரவலும் இதே திசையில் சான்று பகர்கிறது. ஆங்கிலோ-சாக்சன் ஆட்சி இல்லாத பிரான்சின் வடபகுதியில் மேடுகள் உள்ளன. வேல்ஸில் நார்மானிய எல்லைத் தலைவர் கைப்பற்றிய பகுதிகளிலும், ஸ்காட்லாந்தில் முதலாம் டேவிட் முதலிய அரசர்கள் நார்மானியருக்கு நிலம் வழங்கிய பகுதிகளிலும் அவை செறிந்துள்ளன. பதினோராம் நூற்றாண்டைச் சார்ந்த பாயோ பூத்தையல் துணியில் டோல், ரென், டினான் ஆகிய ஊர்களின் கோட்டைகள் மேடுகளின்மேல் காட்டப்பட்டுள்ளன. ஹேஸ்டிங்ஸில் ஆட்கள் மண்ணை வெட்டி மேடு குவிக்கும் காட்சியும் உள்ளது.

ஆர்மிடேஜ் கோட்டைத் தலங்கள் பலவற்றை நேரில் சென்று கண்டார். மேடு எங்கே நிற்கிறது, அதிலிருந்து எது பார்வைக்கு உட்படுகிறது, அது ஊருக்குள் நின்று ஊரை நோக்குகிறதா என்பன அவரது வினாக்கள். நகரத்தின் மதிலை ஒட்டி, நகரையும் வெளிநிலத்தையும் ஒருங்கே காணத்தக்க இடத்தில் மேடு அமைவதை அவர் சுட்டினார். நகர்மக்களிடமிருந்து தப்பிச் செல்லவும், வெளியிலிருந்து படைத்துணை பெறவும் இவ்விடம் ஏற்றது. கட்டடத்தை மட்டும் தனித்துக் காணாது, அது நிற்கும் நிலத்தோடும் குடியிருப்போடும் சேர்த்துக் காணும் இம்முறை, பின்னாளில் நிலத்தோற்றத் தொல்லியல் எனப் பெயர் பெற்ற துறையின் முன்னோடி எனத் தகும்.

டூம்ஸ்டே ஏட்டில் அழிந்த வீடுகள்

1086இல் வில்லியத்தின் ஆணைப்படி தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்கேடு, கோட்டைகளின் வரலாற்றை வேறொரு வழியில் பதிவு செய்கிறது. வரி செலுத்தாத வீடுகளுக்குக் காரணம் கூறுமிடங்களில், கோட்டைக்காக அழிந்தவை என்ற குறிப்பு இடம்பெறுகிறது. லிங்கனில் 166 வீடுகள்; ஷ்ரூஸ்பரியில் 51; கேம்பிரிட்ஜில் 27; குளோஸ்டரில் 16; வாலிங்ஃபோர்டில் 8; வாரிக்கில் 4. யார்க் நகரின் ஏழு பிரிவுகளுள் ஒன்று கோட்டைகளுக்காகப் பாழானது. அங்கு வில்லியம் 1068, 1069ஆம் ஆண்டுகளில் இரண்டு கோட்டைகள் எழுப்பினார்.

இவ்வெண்கள் காலக் கணிப்புக்கு வலிமையான சான்று. எத்தல்ஃபிளெட் காலத்திலேயே மேடு எழுந்திருப்பின், வாரிக்கில் 1066க்குப் பின் வீடுகள் அழிய வேண்டிய தேவை குறைவு. குடியிருப்பின்மேல் புதிதாக ஏதோ ஒன்று ஏற்றப்பட்டதாலேயே வீடுகள் அகன்றன. வரிக்கணக்கு எழுதிய அலுவலருக்கு அவை இழந்த வருவாய். அவ்வீடுகளில் வாழ்ந்தோர் பெயர்கள் அங்கில்லை. ஆயினும் கோட்டை யாருக்காக, யாருக்கு எதிராக எழுந்தது என்பதை அக்கணக்கே வெளிப்படுத்திவிடுகிறது. வில்லியம் 1087இல் இறந்தபோது ஆண்டேட்டின் எழுத்தர் அவரது ஆட்சியை மதிப்பிடுகையில், கோட்டை கட்டியதையும் ஏழை மக்களை ஒடுக்கியதையும் அடுத்தடுத்துக் கூறுவது இதனோடு பொருந்துகிறது.

மண்மேடு யாருடையது என்ற வினா பழம்பொருள் ஆர்வலரின் சிறு பூசலன்று என்பது இங்குப் புலனாகிறது. கிளார்க்கின் கருத்துப்படி அது மக்கள் தம் தலைவியின் கீழ்க் கூடித் தம்மைக் காத்துக்கொண்ட நினைவுச்சின்னம். ஆர்மிடேஜின் முடிவுப்படி அது அம்மக்களின் வீடுகளை அகற்றி எழுந்த ஆட்சிச் சின்னம். ஒரு சொல்லைத் தவறாகப் பொருள்கொண்டதால், வீடு இழந்தோரின் வரலாறு வரலாற்று நூல்களில் இடம்பெறாமல் போயிற்று.

1912ஆம் ஆண்டு நூல்

1900ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தொடர்ந்து விவாதம் விரிந்தது. 1902இல் ரவுண்டும், 1903இல் வில்லியம் செயின்ட் ஜான் ஹோப்பும் இதே திசையில் எழுதினர். 1904இல் இங்கிலாந்தின் தொடக்ககால நார்மானியக் கோட்டைகளைப் பற்றிய தம் நெடுங்கட்டுரையை ஆர்மிடேஜ் ஆங்கில வரலாற்றிதழில் வெளியிட்டார். அயர்லாந்தில் இவ்வினா இன்னும் கூர்மை பெற்றது. அங்குள்ள மேடுகள் தொன்மையான உள்நாட்டுப் படைப்புகள் என்று கருதியோருக்கு மறுமொழியாக, அவற்றுள் பெரும்பாலானவை நார்மானியப் படையெடுப்பின் விளைவே என்று 1907இல் காடர்டு ஆர்பன் எழுதினார்.

இவ்விவாதத்தின் நிறைவாக, பிரித்தானியத் தீவுகளின் தொடக்ககால நார்மானியக் கோட்டைகள் என்னும் பொருளில் ஆர்மிடேஜின் பெருநூல் 1912இல் இலண்டனில் வெளிவந்தது. நிலப்பட வரைவுகளை டங்கன் மான்ட்கோமரி வரைந்தார். புர்ஹ் பற்றிய ஆய்வில் தொடங்கி, கோட்டையின் தோற்றம், இங்கிலாந்துக் கோட்டைகளின் அகர வரிசை விளக்கம், வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகியவற்றின் மேடுகள் என நூல் விரிகிறது. பதினோராம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆவணங்களில் இடம்பெற்ற 80க்கும் மேற்பட்ட கோட்டைகளை அது ஒவ்வொன்றாக ஆராய்கிறது. ஒவ்வொரு தலத்துக்கும் ஆவணக் குறிப்பு, மேட்டின் இருப்பிடம், முற்றத்தின் பரப்பு, ஊரோடு அதன் உறவு ஆகியவற்றை ஒரே ஒழுங்கில் தந்திருப்பது நூலின் நிலைத்த பயன். அவரது முடிவை ஏற்காதவரும் தரவுகளை மீண்டும் பயன்படுத்தலாம். மறு ஆய்வு செய்து திருத்தலாம்.

இலண்டன் தொல்பொருள் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1921இல்தான். நிறுவனங்களின் புறத்தே நின்றே ஆர்மிடேஜ் இப்பணியை முடித்தார். ஸ்காட்லாந்துக் கழகம் அவரை மதிப்புறு உறுப்பினராக ஏற்றிருந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகம் 1919இல் மதிப்புறு முதுகலைப் பட்டம் வழங்கியது; கேம்பிரிட்ஜில் கல்வி தொடங்கி 48 ஆண்டுகள் கழித்து, 78ஆம் அகவையில், வேறொரு பல்கலைக்கழகத்தின் வழியாக அவர் பட்டம் பெற்றார். 1931இல், 90ஆம் அகவையில், யார்க்ஷயரில் காலமானார். அவரது முடிவு பொது அறிவாகக் கலந்தபின் அவரது பெயர் மங்கியது. 1986இல் ஜோன் கூனிஹன் எழுதிய கட்டுரை, ரவுண்டு, கிளார்க் ஆகியோரோடு அவருக்கிருந்த ஆய்வுத் தொடர்பை விளக்கி, அவரது பங்கை மீண்டும் கவனத்துக்குக் கொணர்ந்தது.

பிற்கால அகழாய்வுகளின் ஒளியில்

ஆர்மிடேஜின் காலத்தில் மண்மேடுகள் முறையாக அகழப்பட்டது அரிது. பின்னர் நிகழ்ந்த அகழாய்வுகள் அவரது முடிவின் அடிப்படையை உறுதி செய்தன. வேல்ஸ் எல்லையில் உள்ள ஹென் டோமென் கோட்டையில் பிலிப் பார்க்கர் 1960 முதல் பல்லாண்டுகள் மேற்கொண்ட அகழாய்வு, மரக்கோட்டையின் கட்டுமானத்தை விரிவாக வெளிக்கொணர்ந்தது. அக்கோட்டையின் மண்ணுக்கு அடியில், கோட்டைக்கு முற்பட்ட உழுநிலத்தின் சால் வரிகள் காணப்பட்டன. நாரிச் கோட்டைப் பகுதியில், கோட்டைக் கரைக்கு அடியில் மரத்தாலான தேவாலயமும் இடுகாடும் கண்டறியப்பட்டன. வயலும் வழிபாட்டிடமும் முன்னோர் கல்லறைகளும் கோட்டையின் அடியில் மறைந்தமை, டூம்ஸ்டே ஏட்டின் எண்களுக்கு நிலம் தரும் சான்றாகும்.

திருத்தம் பெற்ற இடங்களும் உண்டு. முதலாவதாக, ஆங்கிலோ-சாக்சன் சமூகத்தில் தலைவர்களின் தனி அரண்கள் இருந்ததில்லை என்ற அவரது கூற்று இன்று முழுமையாக ஏற்கப்படுவதில்லை. சல்கிரேவ், கோல்தோ ஆகிய இடங்களில் நடந்த அகழாய்வுகள், 1066க்கு முன்பே சில நிலத்தலைவர் தம் இல்லங்களைக் கரையும் அகழியும் கொண்டு சூழ்ந்துகொண்டதைக் காட்டின. புர்ஹ் என்னும் சொல்லும் சில இடங்களில் அத்தகைய இல்லத்தின் வேலியைக் குறித்தது. பொது அரண் முன்னது, தனி அரண் பின்னது என்ற கோடு ஆர்மிடேஜ் வரைந்த அளவு நேரானதன்று. சமூகக் கூட்டுறவைப் பழைய ஆங்கிலேயரின் இயல்பாகக் கண்ட அவர் காலச் சிந்தனையின் சாயல் இதில் உள்ளது.

இரண்டாவதாக, மேடுகள் அனைத்தும் நார்மானியரால் புதிதாகக் குவிக்கப்பட்டவை அல்ல. யார்க்ஷயரின் ஸ்கிப்சீ கோட்டை மேடு இரும்புக்காலத்தைச் சார்ந்தது என்று 2016இல் அறிவிக்கப்பட்டது. மார்ல்பரோ மேடு கி.மு. 2400ஐ ஒட்டிய காலத்தது எனக் கரிமக் காலக் கணிப்பு காட்டியது. நார்மானியர் இவ்விடங்களில் பழைய மேடுகளைத் தம் கோட்டைகளாக்கினர். பழைய மேட்டின்மேல் நார்மானியர் கோட்டை அமைத்தனர் என்ற கிளார்க்கின் எண்ணம், அவர் கருதாத காலத்தில், அவர் கருதாத காரணத்தால், சில இடங்களில் உண்மையாயிற்று. எனினும் அவை கோட்டையாகப் பயன்பட்டது நார்மானியரால்தான் என்ற ஆர்மிடேஜின் முடிவை இக்கண்டுபிடிப்புகள் மாற்றவில்லை.

முடிவுரை

ஆர்மிடேஜின் ஆய்வு மூன்று சான்றுகளை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தது: சொல்லின் காலப்பொருள், ஆவணத்தின் கூற்று, நிலத்தின் அமைப்பு. இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு காணவில்லை என்பதே அவருக்கும் கிளார்க்குக்கும் உள்ள வேறுபாடு. கிளார்க் மேடுகளைத் துல்லியமாக அளந்தார். ஆனால் அளந்த பொருளுக்கு வேறொரு காலத்தின் சொல்லைச் சூட்டினார்.

அரண், எயில், மதில், புரிசை, கோட்டை என அரண் சார்ந்த சொற்கள் பல கொண்ட தமிழின் ஆய்வாளருக்கு இவ்வரலாறு பயன் தரும். வள்ளுவர் அரணுக்குத் தனி அதிகாரம் வகுத்தார். புறத்திணை மரபு மதிலை வளைத்தலையும் காத்தலையும் உழிஞை, நொச்சி எனத் திணைகளாக்கியது. அச்சொற்கள் ஒவ்வொரு நூலின் காலத்திலும் எதைக் குறித்தன, யாரை உள்ளடக்கின, யாரைப் புறத்தே நிறுத்தின என்று வரையறுத்த பின்னரே இன்று நிலத்தில் காணும் மேட்டையோ மதிலையோ அவற்றோடு இணைத்தல் தகும். வாரிக் நகர மேட்டுக்கு எத்தல்ஃபிளெட்டின் பெயர் இன்றும் வழங்குகிறது. அதன் அடியில் இருந்த நான்கு வீடுகளை வரிக்கணக்கேட்டிலிருந்து மீட்டெடுக்க, அப்பெயரை ஐயுறும் ஓர் ஆய்வு தேவைப்பட்டது.